பொலிகுதிரைத் தேர்வும் குலப்பதிவேடும்: ஆங்கிலப் பந்தயக் குதிரை இனவிருத்தியின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

பந்தயத்திடலிலிருந்து ஓய்வுபெற்ற பெண்குதிரை ஒன்றுக்கு எப்பொலிகுதிரையைச் சேர்ப்பது என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து, இலாயத்தின் எல்லைக்குள் அடங்கிவிடும் ஒரு தொழில்நுட்ப வினாவாகவே தோன்றும். நமது கிராமங்களில் பொலிகாளையைத் தெரிவு செய்யும் கமக்காரனும் உடற்கட்டு, குணம், முன்னைய கன்றுகளின் தரம் ஆகியவற்றையே நோக்குகின்றான். ஆயின், கடந்த முந்நூறு ஆண்டுகளில் ஆங்கில நாட்டிலே இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, அவை குதிரையைப் பற்றிக் கூறுவனவற்றைக் காட்டிலும் குதிரையை உடைமையாகக் கொண்டிருந்த வர்க்கங்களைப் பற்றிக் கூறுவனவே மிகுதி என்பது புலனாகும். குருதி, குலம், தூய்மை, பரம்பரை என்னும் சொற்களால் ஆன ஒரு கருத்துநிலை, ஒரு விலங்கின் உடலை வாயிலாகக் கொண்டு எவ்வாறு உருப்பெற்றது, அது யாருடைய உழைப்பை மறைத்தது, பெண்ணினத்துக்கு அதில் எத்தகைய இடம் அளிக்கப்பட்டது என்பனவே இக்கட்டுரையில் ஆராயப்படுவன.

இதற்கு அடிப்படையாக அமையும் உயிரியல் உண்மை ஒன்றை முதலிலேயே குறித்துக்கொள்ளல் வேண்டும். பெண்குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதங்கள். ஓராண்டில் அது ஈனுவது பொதுவாக ஒரு குட்டியே. பொலிகுதிரையோ ஒரு பருவகாலத்தில் பல பெண்குதிரைகளுடன் சேரவல்லது. இன்று நூற்றுக்கு மேற்பட்டவற்றுடன் சேர்க்கப்படுதலும் வழக்கம். எனவே, நல்ல பெண்குதிரையை உடையவனுக்குக் கிடைப்பது ஆண்டுக்கொரு குட்டி. புகழ்பெற்ற பொலிகுதிரையை உடையவனுக்குக் கிடைப்பதோ அந்நாட்டுப் பெண்குதிரைகள் பலவற்றின் மீது விதிக்கத்தக்க ஒரு வகை வாரம். இவ்வேறுபாடு இயற்கை தந்தது. ஆனால் அதனை ஏகபோகமாக மாற்றியது இயற்கையன்று, சொத்துரிமையே.

2

இன்றைய பந்தயக் குதிரையினம் முழுவதும் மூன்று கீழைத்தேயப் பொலிகுதிரைகளின் வழிவந்தது என்பது பந்தய உலகின் தோற்றத் தொன்மம். 1690இல் பொயின் ஆற்றுப் போரிலே கப்டன் ரொபேட் பைர்லி ஏறிச் சென்றது முதலாவது. அலெப்போவில் வணிகராக இருந்த தோமஸ் டார்லி வாங்கி, 1704இல் யோக்சயருக்கு அனுப்பியது இரண்டாவது. பிரான்சு வழியாக 1730ஐ அடுத்து இங்கிலாந்தை அடைந்து, பின்னர் கொடொல்பின் பிரபுவின் உடைமையானது மூன்றாவது. போர், கீழைத்தேய வணிகம், பிரபுத்துவக் கொடை என்னும் மூன்று வாயில்களும் இம்மூன்று விலங்குகளின் வரலாற்றிலே ஒருங்கே காணப்படுதல் தற்செயலன்று. வணிக மூலதனத்தின் விரிவும் நிலவுடைமை வர்க்கத்தின் செல்வாக்கும் கைகோத்து நின்ற ஒரு காலகட்டத்தின் விளைபொருள் அது.

குதிரைகள் கடல்வழியாகக் கைமாறிய வரலாறு நமக்கும் அந்நியமானதன்று. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. பாண்டிய மன்னர் அராபியக் குதிரைகளுக்குப் பெருஞ்செல்வத்தைச் செலவிட்டமையை மார்க்கோ போலோ பதிவு செய்துள்ளார். ஆனால் அங்கு குதிரை அரசின் படைத்தேவைக்கான இறக்குமதிப் பொருளாகவே நின்றது. இங்கிலாந்திலோ அது உள்நாட்டிலேயே மீள உற்பத்தி செய்யப்படும் தனியார் மூலதனமாக மாறியது. வேறுபாடு இதிலேயே உள்ளது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலப் பந்தயங்கள் வளர்ச்சி முற்றிய குதிரைகளுக்குரியவையாக இருந்தன. பாரமான சுமையுடன் நான்கு மைல் தூரத்தை ஒரே நாளில் மீண்டும் மீண்டும் ஓடுதல் அவற்றின் இயல்பு. ஏறத்தாழ 1750இல் ஜொக்கி கழகம் தோன்றிற்று. 1776இல் சென்ற் லெஜர், 1779இல் ஓக்ஸ், 1780இல் டார்பி ஆகிய பந்தயங்கள் தொடங்கின. இவை மூன்று வயதுக் குதிரைகளுக்கு உரியவை. டார்பி முதலில் ஒரு மைல் தூரமாகவும் 1784இலிருந்து ஒன்றரை மைலாகவும் ஓடப்பட்டது. இம்மாற்றத்தைப் பொருளாதார நோக்கில் விளங்கிக்கொள்வது கடினமன்று. ஆறு வயதுவரை தீனியிட்டுக் காத்திருக்கும் மூலதனம் மெதுவாகச் சுழல்கின்றது; மூன்று வயதிலேயே பந்தயத்துக்கு வரும் மூலதனம் விரைந்து சுழல்கின்றது. பந்தயத்தின் தூரம் குறைந்தபோது வேகம் மதிப்புப் பெற்றது. வேகம் மதிப்புப் பெற்றபோது பொலிகுதிரைத் தேர்வின் அளவுகோலும் மாறியது. அழகியல் இரசனை போலக் கூறப்படும் பல விதிகளின் அடியிலே மூலதனச் சுழற்சியின் தேவையே நிற்கின்றது.

இதே காலத்தில் லெஸ்ரர்சயரைச் சேர்ந்த ரொபேட் பேக்வெல் (1725–1795) தமது பொலிகடாக்களை விற்காது பருவகால வாடகைக்கு விடும் முறையைப் பெருக்கினார் என்பதும் நினைவுகூரத்தக்கது. விலங்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அதன் இனவிருத்தி ஆற்றலை மட்டும் விற்பது, நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வாரம் பெறுவதற்கு ஒப்பானது. பொலிகுதிரைக் கட்டணமும் இத்தன்மையதே.

3

இப்பின்னணியிலேயே எக்லிப்ஸ் என்னும் குதிரையின் வரலாறு பொருள் பெறுகின்றது. 1764இல் கம்பர்லாந்துக் கோமகனின் இலாயத்திலே பிறந்த இது, டார்லியின் அராபியக் குதிரையின் நேரடி ஆண்வழியில் வந்தது. 1746இல் கலோடன் போரில் ஸ்கொட்லாந்து மலைநாட்டவரை ஈவிரக்கமின்றி அடக்கியவர் இக்கோமகனே. 1765இல் அவர் இறந்தபின் நடந்த விற்பனையில், இலண்டன் சிமித்பீல்ட் சந்தையின் கால்நடை வணிகரான வில்லியம் வைல்ட்மன் இக்குட்டியை 75 கினிக்கு வாங்கினார். அவரிடமிருந்து அது டெனிஸ் ஓகெலி என்னும் அயர்லாந்துச் சூதாட்டக்காரரின் கைக்கு மாறியது. 1769, 1770 ஆகிய ஆண்டுகளில் ஓடிய பந்தயம் எதிலும் அது தோற்கவில்லை. அரசகுடும்பத்தின் இலாயத்திலிருந்து இறைச்சிச் சந்தை வணிகனிடத்தும், அவனிடமிருந்து சூதாட்டக்காரனிடத்தும் ஒரு குதிரை கைமாறிச் சென்ற பாதையே ஆங்கில சமூகத்தில் நிகழ்ந்துகொண்டிருந்த மாற்றத்தின் சுருக்கம் எனலாம். ஜொக்கி கழகம் ஓகெலியைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொள்ளவேயில்லை. ஆனால் அக்கழகத்தினர் தம் பெண்குதிரைகளுக்கு அவருடைய பொலிகுதிரையை நாடவேண்டியிருந்தது.

எக்லிப்ஸ் 1789இல் இறந்தது. இரண்டு ஆண்டுகளின் பின், 1791இல், ஜேம்ஸ் வெதர்பி பந்தயக் குதிரைகளின் பொதுக் குலப்பதிவேட்டின் முன்னோடித் தொகுதியை வெளியிட்டார். பிரான்சிலே பரம்பரைப் பிரபுப் பட்டங்கள் ஒழிக்கப்பட்டு ஓராண்டு நிறைந்த காலம் அது. மனிதரின் குலவரிசை கேள்விக்குள்ளாகிய அதே தருணத்தில் குதிரைகளின் குலவரிசை அச்சேறியது. இதனைக் காரண காரியத் தொடர்பாகக் கொள்ளல் மிகையாகும். பதிவேட்டின் உடனடித் தேவை பந்தயத்திலும் விற்பனையிலும் நிகழ்ந்த மோசடிகளைத் தடுப்பதே. எனினும், பிரபுத்துவத்தின் இரகசியம் விலங்கியலிலேயே அடங்கியுள்ளது என்னும் கருத்துப்பட இளம் மார்க்ஸ் 1843இல் எள்ளி எழுதியமை, இப்பதிவேட்டினைப் புரட்டும் எவருக்கும் நினைவுக்கு வராமற் போகாது.

4

இப்பதிவேட்டின் முற்பட்ட பக்கங்களில் ஆண்குதிரைகள் பெயருடன் நிற்கின்றன. பெண்குதிரைகளுட் பல, இன்னாருடைய பெண்குதிரை, இன்ன பொலிகுதிரையின் மகள், இன்னதன் தாய் என்றே குறிக்கப்படுகின்றன. உடைமையாளனின் பெயரோ தந்தையின் பெயரோ இன்றி அவற்றுக்கு இருப்பில்லை. மூன்று தந்தையரின் தொன்மம் இவ்வாறுதான் சாத்தியமாயிற்று.

இத்தொன்மத்தைப் பிற்கால ஆய்வு பெரிதும் திருத்தியுள்ளது. 2001இல் டப்ளின் திரினிற்றிக் கல்லூரியைச் சேர்ந்த கனிங்ஹாமும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வின்படி, இன்றைய பந்தயக் குதிரைகளின் ஆண்வழிகளில் 95 சதவீதம் டார்லியின் குதிரை ஒன்றையே சென்றடைகின்றன. தாய்வழிகளில் 72 சதவீதம் பத்துப் பெண்குதிரைகளைச் சென்றடைகின்றன. 2011இல் வெளிவந்த தாய்வழி மரபணு ஆய்வு, இவ்வினத்தின் ஆதித் தாய்மாரிடையே பிரித்தானிய, அயர்லாந்து உள்நாட்டுக் குதிரைகளின் பங்கு கணிசமானது எனக் காட்டியது. அடுத்த ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வு, குறுந்தூர வேகத்துடன் தொடர்புபட்ட மரபணு வடிவம் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் பிரித்தானியப் பெண்குதிரை ஒன்றின் வழியாகவே இவ்வினத்துட் புகுந்திருத்தல் வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தது. அராபியத் தந்தையின் குருதிக்கு இருநூறாண்டு காலம் ஏற்றிச் சொல்லப்பட்ட வேகம், ஆங்கிலப் புல்வெளியிலே மேய்ந்த, பெயர் எஞ்சாத ஒரு தாயிடமிருந்து வந்ததாக இருக்கலாம் என்பது, வரலாறு யாரால் எழுதப்படுகின்றது என்னும் பழைய வினாவை மீண்டும் எழுப்புகின்றது.

தாய்வழியை நோக்கிய முயற்சிகள் இல்லாமலில்லை. அவுஸ்திரேலியரான புரூஸ் லோ, டார்பி, ஓக்ஸ், சென்ற் லெஜர் ஆகிய மூன்று பந்தயங்களின் வெற்றியாளரை அவற்றின் ஆதித் தாய்க்குதிரை வரை பின்தொடர்ந்து, வெற்றித் தொகையின் வரிசைப்படி அக்குடும்பங்களுக்கு 1 முதல் 43 வரை இலக்கமிட்டார். அவர் மறைந்தபின் 1895இல் அவருடைய நூல் வெளியாயிற்று. இதன்பின் பெண்குதிரைக்கு ஏற்ற ஆண்குதிரையை இலக்கம் பார்த்துப் பொருத்தும் வழக்கம் பரவியது. தாயைக் கண்டுகொண்டமை இதன் சிறப்பு. கண்ட தாயை ஓர் எண்ணாக உறையச் செய்தமை இதன் குறை. இருபது தலைமுறைக்கு முற்பட்ட ஒரு தாயின் பங்கு இன்றைய குட்டியில் எத்துணைச் சிறிது என்பதை அம்முறை கருதவில்லை.

பிரெஞ்சுப் படை அதிகாரியான வில்லியே இதற்கு நேர்மாறான வழியிற் சென்றார். சிறந்த குதிரைகளின் முன்னோரைப் பன்னிரண்டாம் தலைமுறை வரை, அதாவது 4096 இடங்கள் வரை கணக்கிட்டு, அவற்றில் அடிக்கடி வரும் முன்னோரின் அளவை வகுத்தார். பெண்குதிரையின் குலவரிசையில் எந்த முன்னோரின் அளவு குறைவோ அதை நிறைவு செய்யும் பொலிகுதிரையைத் தெரிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருடைய பட்டியலில் இடம்பெற்ற முதன்மை முன்னோருள் பெண்குதிரை பொக்கஹொந்தஸ் ஒன்றே. 4096 இடங்களுட் பாதி தாய்மாருக்கு உரியவை என்பது எளிய கணக்கு. அக்கணக்கு அவருடைய விதிக்குட் புகவில்லை.

5

கொள்கைகள் நடைமுறையில் எவ்வாறு செயற்பட்டன என்பதை இரண்டு பெண்குதிரைகளின் வரலாற்றால் விளக்கலாம்.

முதலாவது, மும்தாஜ் மகால். 1921இல் பிறந்த இச்சாம்பல்நிறப் பெண்குதிரையை, இஸ்மாயிலி சமூகத்தின் தலைவரான மூன்றாம் ஆகா கானுக்காக, 1922இல் 9,100 கினிக்கு வாங்கினர். கினி நாணயம் புழக்கத்தினின்று நீங்கி நூறாண்டு கடந்த பின்னரும் குதிரைச் சந்தை அதனையே கணக்கு அலகாகக் கொண்டிருந்தமை, பிரபுத்துவ எச்சம் ஒன்று முதலாளித்துவச் சந்தைக்குள் வாழ்ந்தமைக்குச் சான்று. குறுந்தூரத்தில் அதற்கு நிகரில்லை. ஆனால் 1924இல் ஒரு மைல் தூரமுள்ள ஆயிரம் கினிப் பந்தயத்தில் அது இரண்டாவதாகவே வந்தது. அவ்வாண்டே ஓய்வுபெற்ற இப்பெண்குதிரைக்கு எத்தகைய துணை தெரியப்பட்டது? வேகத்துடன் வேகத்தைச் சேர்க்காது, நெடுந்தூரம் தாங்கும் ஆற்றலைச் சேர்த்தனர். 1918இல் டார்பி உட்பட மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற கெயின்ஸ்பரோவுக்கு அது ஈன்ற மகள் மா மகால். 1930இல் ஆகா கானுக்கு டார்பியை வென்று கொடுத்த பிளெனிமுக்கு ஈன்ற மகள் மும்தாஜ் பேகம். மா மகாலின் மகனான மஹ்மூத் 1936இல் டார்பியை வென்றபோது பதிவான நேரச் சாதனை 1995 வரை முறியடிக்கப்படவில்லை. வேகத்தையும் தாங்குதிறனையும் இணைத்த இத்தேர்வு அறிவார்ந்ததே. ஆயினும், பிளெனிம் உடைமையாளரின் சொந்தக் குதிரை என்பதையும் மறத்தலாகாது. தேர்வின் எல்லையைச் சொத்தின் எல்லை ஓரளவு வகுத்தது.

முகலாயப் பேரரசி மும்தாஜ் மகால் 1631இல் பதினான்காவது பிள்ளையைப் பெற்றபோது இறந்தவர். பிள்ளைப்பேற்றால் மாண்ட ஒரு பெண்ணின் பெயரை, ஈனுதலால் மதிப்புப் பெறவிருந்த ஒரு விலங்குக்கு இட்டவர்கள் அப்பெயரின் எழிலையே கருதியிருப்பர்.

இரண்டாவது, இத்தாலிய இனவிருத்தியாளர் பெடெரிக்கோ தெசியோவின் நொகாரா. இதன் தாயான கற்னிப்பைப் போர்க்காலத்து விலைவீழ்ச்சியில், 1915இல், தெசியோ 75 கினிக்கு வாங்கியிருந்தார். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற நொகாராவுக்கு அவர் விரும்பிய பொலிகுதிரை பெயார்வே. ஆனால் அதன் பருவகால இடங்கள் யாவும் நிரம்பியிருந்தன. ஆதலால் அதன் உடன்பிறப்பான பாரோஸ் தெரியப்பட்டது. 1935இல் பிறந்த குட்டி நியார்கோ. ஓடிய 14 பந்தயங்களிலும் வென்று, 1938இல் 60,000 பவுணுக்கு விற்கப்பட்டது. மேதைமையின் விளைவென இன்றும் போற்றப்படும் இச்சேர்க்கையைத் தீர்மானித்தது, செல்வர் பிறர் முன்பதிவு செய்துவிட்ட ஒரு பட்டியல். தெசியோவின் நுண்ணறிவை இது மறுப்பதன்று. தனிமனித மேதைமையும் சந்தையின் நிர்ப்பந்தமும் இணைந்தே வரலாற்றை ஆக்குகின்றன என்பதே இதனாற் பெறப்படுவது.

இவ்விரு வழிகளும் 1940இல் ஒன்றுகூடின. நியார்கோவுக்கு மும்தாஜ் பேகம் ஈன்ற நஸ்ருல்லா, 1950இல் அமெரிக்கக் கூட்டுமுதலீட்டாளருக்கு விற்கப்பட்டது. பிளெனிமும் மஹ்மூத்தும் முன்னரே அவ்வழி சென்றிருந்தன. அரபுலகிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற குருதி, ஏகாதிபத்தியத்தின் மையம் மாறியபோது அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்தது.

6

குலத்தூய்மை பற்றிய கோட்பாடு சந்தைப் பாதுகாப்புக்கும் பயன்பட்டது. 1908இல் நியூயோர்க் மாநிலத்தில் பந்தயச் சூதாட்டத்துக்கு எதிரான சட்டம் வந்தபின் அமெரிக்கக் குதிரைகள் இங்கிலாந்துக்குப் பெருந்தொகையாக வரலாயின. 1913இல் ஆங்கிலக் குலப்பதிவேடு, தன் பழைய தொகுதிகளில் முழு மூதாதையரையும் காட்டவியலாத குதிரைகளுக்குக் கதவடைத்தது. ஜேர்சி விதி எனப்பட்ட இதன்படி அமெரிக்கக் குதிரைகளுட் பெரும்பாலானவை அரைக்குருதியின ஆயின. ஆயின், 1948இல் அத்தகைய ‘அரைக்குருதி’க் குதிரைகளே ஆங்கிலப் பெரும் பந்தயங்களை வென்றன. 1949இல் விதி தளர்த்தப்பட்டது. தூய்மையின் வரைவிலக்கணம் தோல்வியின் முன் மாறிக்கொடுத்தது.

குலவரிசையே பண்டமாகிய நிலையை 1983இல் நிகழ்ந்த ஒரு விற்பனை துலக்கிக் காட்டும். நோதேர்ன் டான்சர் என்னும் பொலிகுதிரையின் ஒரு வயதுக் குட்டி, கென்ரக்கியில் 1 கோடி 2 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. சினாபி டான்சர் எனப் பெயரிடப்பட்ட அது ஒரு பந்தயத்திலேனும் ஓடவில்லை. பொலிகுதிரையாகவும் மலட்டுத்தன்மை மிக்கதாயிற்று. பயன்பெறுமதி ஏதுமில்லாத ஒன்று, குலத்தின் பெயரால் மட்டும் பெற்ற பரிவர்த்தனைப் பெறுமதி அது. பண்ட மாயை என மார்க்ஸ் விளக்கிய தோற்றப்பாட்டுக்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

2008இல் எடின்பரோ ஆய்வாளரான வில்சனும் ரம்போவும் வெளியிட்ட முடிவு இவ்விடத்து முக்கியமானது. குதிரைகள் தம் வாழ்நாளில் ஈட்டும் பரிசுப்பணத்தின் வேறுபாடுகளில் ஏறத்தாழ 10 சதவீதமே மரபணுவாற் பெறப்படுவது என்றும், பொலிக்கட்டணத்தின் உயர்வு நல்ல மரபணுவுக்கு நம்பத்தக்க குறியீடன்று என்றும் அவர்கள் கண்டனர். எஞ்சியது வளர்ப்பு, பயிற்சி, தீனி, பராமரிப்பு, ஓட்டுநரின் திறன் முதலியவற்றின்பாற்படும். அதாவது, பெரும்பகுதி மனித உழைப்பு. பெண்குதிரை பருவத்தில் உள்ளதா என நாள்தோறும் அறிபவர், நள்ளிரவில் ஈற்றுக்குக் காவலிருப்பவர், பிறந்த குட்டி எழுந்து பால்குடிக்கும் வரை அருகிருப்பவர் எவருடைய பெயரும் குலப்பதிவேட்டில் இல்லை. 1975இல் நியூமார்க்கெற் இலாயத் தொழிலாளர் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்து, பெரும் பந்தய நாளில் ஓடுதளத்தை மறித்தபோதுதான் அவர்கள் இருப்பதைப் பந்தய உலகம் பகிரங்கமாகக் கண்டது. பெண்களின் நிலையும் இத்தகையதே. நீதிமன்றம் வரை சென்ற புளோரன்ஸ் நாகிளின் போராட்டத்தால் 1966இலேயே ஆங்கிலப் பெண்கள் தம் சொந்தப் பெயரிற் பயிற்றுநர் உரிமம் பெற முடிந்தது. அதுவரை உரிமம் அவர்களிடம் வேலைசெய்த ஆணின் பெயரிலேயே வழங்கப்பட்டது. தாய்க்குதிரை உடைமையாளனின் பெயராற் பதியப்பட்டமைக்கும் இதற்குமுள்ள ஒப்புமை வெளிப்படை.

இன்றும் நிலைமை பெரிதும் மாறவில்லை. பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் தடை செய்யப்பட்டுள்ளது. பொலிகுதிரையின் அருமையும் கட்டணமும் அதனாற் காக்கப்படுகின்றன. சில பொலிகுதிரைகளிடமே இனம் குவிவதனால் மரபணுப் பன்மை சுருங்குவதை அஞ்சி, 2020இல் அமெரிக்க ஜொக்கி கழகம் ஒரு பருவத்துக்கு 140 பெண்குதிரைகள் என எல்லையிட்டது. பெரும் பொலிப்பண்ணைகளின் எதிர்ப்பையும் வழக்கையும் அடுத்து 2022இல் அவ்விதி கைவிடப்பட்டது. இனத்தின் எதிர்காலமும் உடைமையாளரின் இலாபமும் முரண்பட்ட இடத்தில் வென்றது எது என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

7

கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பொலிகுதிரைத் தேர்வு அறிவுக்கு இடமற்ற வெறும் மயக்கம் என்னும் முடிவுக்கு வருதல் பொருந்தாது. பெண்குதிரையின் உடற்குறையை ஈடுசெய்யும் உடற்கட்டினை நாடுதல், வேகத்தோடு தாங்குதிறனை இணைத்தல், நெருங்கிய உறவுச் சேர்க்கையின் தீங்கைத் தவிர்த்தல் ஆகியன பல தலைமுறை உழைப்பாளரின் அவதானத்தில் விளைந்த உண்மையான அறிவு. அவ்வறிவைக் குருதியின் புகழாக மாற்றி, அதன் பயனை உடைமையாளனுக்கு உரியதாக்கியதே கருத்துநிலையின் பணி. பிறப்பினால் மதிப்பை அளக்கும் சிந்தனை சாதியமைப்பினூடு வாழ்ந்த நமக்குப் புதியதன்று. ஆதலின் இவ்வரலாறு நமக்குத் தொலைவானதும் அன்று.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொணர்ந்த குதிரைகளின் வழிவந்தவை நெடுந்தீவுப் புல்வெளியில் இன்றும் திரிகின்றன. அவற்றுக்குப் பொலிகுதிரை தெரிபவர் எவருமில்லை, குலப்பதிவேடும் இல்லை. வறட்சிக் காலத்தில் அவற்றுக்கு நீர் கிடைக்கின்றதா என்பதே அவற்றின் வாழ்வைத் தீர்மானிக்கின்றது. அத்தீவிற் குதிரை வளர்த்த குடியேற்ற ஆட்சிகளின் கீழ் அப்பணியைச் செய்த தீவு மக்களின் உழைப்பு வரலாறு தனியே ஆராயப்படுதல் வேண்டும். குதிரைகளின் வம்சத்தைப் பதிவு செய்த ஏடுகளைவிட, அக்குதிரைகளுக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றிய கைகளைப் பற்றிய செய்திகளே நமது வரலாற்றாய்வுக்கு இன்று அதிகம் தேவைப்படுவன.